14 ஜெர்சி போட்ட பிட்சர்: எட்வின் ஜாக்சன் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் எட்வின் ஜாக்சன் 14 அணிகளுக்கு ஆடினார் என்கிறீர்கள். இத்தனை பேர் அனுப்பிவிட்டார்கள் என்றால் சுமாரான பிட்சர்தானே (பந்து வீசுபவர்)?

பதில்: அனுப்பியவர்களை எண்ணினால், கூப்பிட்டவர்களையும் எண்ண வேண்டும் தம்பி. 14 அணிகள் அவரை வேண்டும் என்று எடுத்தன. அவர் பெயரில் எழுதிய கணக்கில் 107 வெற்றி, 133 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 4.78 ரன் கொடுத்தார் (பீல்டர் தவறால் வந்ததைச் சேர்க்காமல்). பெரிய நட்சத்திரம் இல்லைதான். ஆனால் 2007 முதல் 2013 வரை ஏழு சீசனிலும், ஒவ்வொன்றிலும் 31 ஆட்டத்துக்குக் குறையாமல் முதல் பந்திலிருந்து வீசியவர். வேகமாக வீசும் பிட்சர்களுக்கு முழங்கையோ தோளோ எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஐந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் வந்து நிற்கிற கை கிடைப்பது கஷ்டம். அந்தக் கைக்குத்தான் ஊர் ஊராக ஆள் தேடி வந்தார்கள்.

கேள்வி: ஆரம்பம் எப்படி?

பதில்: அப்பா அமெரிக்க ராணுவத்தில் இருந்ததால் பிறந்தது ஜெர்மனியில், வளர்ந்தது ஜார்ஜியா மாநிலம் கொலம்பஸில். 2001இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணி எடுத்தது. 2003 செப்டம்பர் 9, அவருடைய 20ஆவது பிறந்தநாள். அன்றுதான் முதல் ஆட்டம். எதிரணியில் வீசியவர் அந்தக் காலத்தின் பெரிய நட்சத்திரம் ராண்டி ஜான்சன். ஜெயித்தது பையன்தான்.

கேள்வி: அவருடைய சிறந்த ஆட்டம் எது? எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும், புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

பதில்: சந்தேகமே இல்லாமல் 2010 ஜூன் 25. அப்போது அரிசோனா டைமண்ட்பேக்ஸ் அணியில் இருந்தார். எதிரில், அவரை முன்பு டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துவிட்ட டாம்பா பே அணி. ஆட்டமும் அவர்கள் ஊரில். ஒன்பது இன்னிங்ஸிலும் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்காமல் வீசி முடித்தால் அது நோ-ஹிட்டர். பந்தை பேட்டால் அடித்து, பீல்டர் தவறு எதுவும் இல்லாமல் ஒரு தளத்தை (பேஸ்) பிடித்தால் அது ஹிட்.

அன்று அவர் கை ஆரம்பத்தில் கட்டுக்குள்ளேயே இல்லை. நான்கு பந்து, பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்கு வெளியே போய் அவரும் அடிக்காமல் விட்டால், பேட்டர் சும்மா முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதற்கு வாக் என்று பெயர். மூன்றாவது இன்னிங்ஸில் வரிசையாக வாக் கொடுத்து, ஒருவரும் அவுட் ஆகாமல் மூன்று தளமும் நிரம்பிவிட்டது. அதிலிருந்து ஒரு ரன்கூடக் கொடுக்காமல் வெளியே வந்தார்! மொத்தம் எட்டு வாக். வழக்கமாக 100 பந்து தொட்டாலே பிட்சரை மாற்றிவிடுவார்கள். அணியை நடத்தும் மேனேஜர் ஏ.ஜே. ஹின்ச் மாற்றவில்லை. 149 பந்து வீசி 1-0 என்று முடித்தார். ஒரே ரன் அவருடைய அணியின் ஆடம் லாரோஷ் அடித்த ஹோம் ரன்னில் (நம் சிக்ஸர் மாதிரி) வந்தது. சுத்தமான நோ-ஹிட்டர்களைவிட, தடுமாறித் தடுமாறிப் பிடித்த இந்த ஒன்றுதான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் ஐந்தே வாரத்தில், ஜூலை 30 அன்று, அவரை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு டிரேட் செய்துவிட்டார்கள், அதாவது வேறு வீரர்களுக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால், வீரர் ‘வரமாட்டேன்’ என்று சொல்ல முடியாதா?

பதில்: மேஜர் லீகில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் என்றால் டிரேடை மறுக்கும் உரிமை வரும். இல்லையென்றால் ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருக்க வேண்டும். ஜாக்சன் எந்த அணியிலும் தொடர்ந்து ஐந்து வருடம் இருக்கவில்லை. ஊர் ஊராகப் போகிறவருக்குத்தான் அந்த உரிமை அதிகம் தேவை, அவருக்குத்தான் அது கிடைக்காது. இது எனக்கு உறுத்துகிற விஷயம்.

2011 ஜூலை 27 அன்று ஒயிட் சாக்ஸ் அவரை டொராண்டோவுக்குக் கொடுத்தது. அதே நாளில் டொராண்டோ செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்தது. கூடவே போனவர் ஆக்டேவியோ டோட்டெல் என்ற பிட்சர். பிறகு, அதிகபட்சமாக 13 அணிக்கு ஆடியவர் என்ற சாதனையைத் தொட்டவர் அவர்தான். அந்த வருடம் செயின்ட் லூயிஸ் உலகத் தொடரை (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வென்றது, இருவருக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது.

கேள்வி: சம்பாதித்தாரா சார்?

பதில்: நன்றாகவே. சிகாகோ கப்ஸ் நான்கு வருடத்துக்கு 5.2 கோடி டாலர் கொடுத்தது. முதல் வருடமே 18 தோல்வி. 2015இல் விடுவித்துவிட்டார்கள், ஆனால் மீதிப் பணத்தைக் கப்ஸ்தான் கொடுத்தாக வேண்டும். அவரை எடுக்கிற புது அணிக்குக் குறைந்தபட்சச் சம்பளம்தான் செலவு.

கேள்வி: அதிக அணிகளுக்கு ஆடிய சாதனை இன்னும் ஜாக்சனிடம்தானா?

பதில்: 2018இல் ஓக்லாந்து 13ஆவது அணி. 2019 மே மாதம் 14ஆவது அணிக்காக வீசினார். அது எது தெரியுமா? எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாமல் அனுப்பிய அதே டொராண்டோ! 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு வெள்ளி வாங்கினார், அடுத்த வருடம் ஓய்வு. இப்போது சாதனையில் ஒரு பங்காளியும் வந்துவிட்டார்: 2025 ஜூலையில் ரிச் ஹில் என்ற பிட்சர் தன் 45ஆவது வயதில் கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக வீசினார். அது அவருக்கு 14ஆவது அணி.