பேபிபாய் யாருடைய பாய்?

கேள்வி: பச்சிளம் குழந்தைகளின் கம்ப்யூட்டர் பதிவுகளை ஆராய்ந்து என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் சார்?

பதில்: நிறைய. அமெரிக்காவின் பல ஆஸ்பத்திரிகளில் பெயர் வைக்காத குழந்தையைக் குடும்பப் பெயரோடு ‘பேபிபாய் ஜாக்சன்’ என்ற மாதிரி பதிந்துவந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு முழுக்க பேபிபாய்களாக இருந்தால் டாக்டர் யார் பக்கத்தில் மருந்து எழுதுவார், சொல்லுங்கள். நியூயார்க்கின் மான்டிஃபியோர் ஆஸ்பத்திரியில் அம்மா பெயரைச் சேர்த்து ‘வெண்டிஸ்கேர்ள் ஜாக்சன்’ (வெண்டியின் பெண் குழந்தை) என்ற மாதிரி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு குழந்தைக்கு எழுதிய மருந்தையோ டெஸ்டையோ பத்து நிமிடத்துக்குள் ரத்து செய்துவிட்டு, அதே டாக்டர் உடனே இன்னொரு குழந்தைக்கு அதையே எழுதினால், அது ஆள் மாறிய கணக்கு, கம்ப்யூட்டரே எண்ணிவிடும், யாரும் வந்து ஒப்புக்கொள்ள வேண்டாம் (ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள்!). பெயரை மாற்றியதும் அது சுமார் 36 சதவீதம் குறைந்ததாக 2015-ல் எழுதினார்கள். அப்புறம் 2019 முதல், அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷனே பச்சிளம் குழந்தைகளைத் தனித்து அடையாளம் காணும் முறையைக் கட்டாயமாக்கிவிட்டது; இப்படிப் பெயர் வைப்பது அதற்கு ஒரு உதாரணம்.