பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ் மட்டும் வீசிய மரியானோ ரிவேராவை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

பேஸ்பாலில் குறைந்த முன்னிலையைக் கடைசி இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை மட்டையடிக்கும் ஒன்பது சுற்றுகளில் கடைசியில்) காப்பாற்றித் தரும் பந்துவீச்சாளருக்கு, பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசமே கிடையாது. பனாமாவில் பிறந்த ரிவேரா, 1995 முதல் 2013 வரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஆடினார்; 1997 முதல் அந்த வேலையையே முதன்மையாகச் செய்து, 652 ‘சேவ்’களுடன் (அப்படி முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்களுடன்) ஓய்வுபெற்றார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகளில் 141 இன்னிங்ஸ் வீசியும் அவருடைய ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குத் தம் பந்துவீச்சில் சராசரியாகக் கொடுத்த ஓட்டங்கள்) 0.70 மட்டுமே என்பதுதான்.

இத்தனைக்கும் அவர் நம்பியது பெரும்பாலும் ‘கட்டர்’ என்ற ஒரே பந்தைத்தான். நேராக வருவதுபோல் தோன்றி, இடக்கை ஆட்டக்காரரின் கையை நோக்கிக் கடைசி நொடியில் திரும்பும் அப்பந்து, மட்டையின் கைப்பிடிப் பக்கம் பட்டு மட்டையையே முறித்துவிடும். வருவது கட்டர்தான் என்று தெரிந்தும் பலரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவருடைய நிதானத்துக்குச் சான்றாக வெற்றிகளைவிட, பேஸ்பாலின் இறுதித் தொடரான 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தையே நான் சொல்வேன். 2–1 என்ற முன்னிலையை ஒன்பதாவது இன்னிங்ஸில் அரிசோனா அணியிடம் பறிகொடுத்த அவர், இரண்டே ஆண்டுகளில், உலகத் தொடருக்கு முந்தைய சுற்றில் பாஸ்டன் அணிக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்காமல் வீசி, அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரரானார். 2019இல் பேஸ்பால் புகழ்மண்டபத் தேர்வில் வாக்களித்த 425 பேரும் அவருக்கு வாக்களித்தனர். அதற்குமுன் அது யாருக்கும் வாய்க்கவில்லை.