ஸ்டோருக்குப் போனால் குமாஸ்தா ஆகிவிடுவேனா?

கேள்வி: மருத்துவமனை ஃபார்மசியில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பாதி நாள் மருந்து கொடுக்கும் கவுன்ட்டர், பாதி நாள் வார்டு. இப்போது ஸ்டோரையும் கொள்முதலையும் கவனிக்கும் பொறுப்புக்கு வருகிறீர்களா என்று மேலதிகாரி கேட்கிறார். ஃபார்மசி படித்துவிட்டுக் கடைசியில் பெட்டி எண்ணும் குமாஸ்தா ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்த வேலையில் உண்மையில் என்ன இருக்கிறது? என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? அதற்கு மேலே போக வழி உண்டா?

பதில்: பெட்டி எண்ணத்தான் வேண்டும், அதை மறைக்கப்போவதில்லை. நான் அந்த நாற்காலிக்குப் போன முதல் மாதம் முழுக்க எண்ணினேன். திரையில் நாரட்ரினலின் 40 ஆம்ப்யூல் என்று இருக்கும், அலமாரியில் 28 இருக்கும். மீதி 12 எங்கே? யாரும் திருடவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ.விலிருந்து ஓடிவந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், காலையில் பதிவு செய்ய மறந்திருக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. 40 இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஆர்டர் போடாமல் உட்கார்ந்திருக்கும். இரத்த அழுத்தம் விழுந்த நோயாளிக்கு அந்த மருந்து இல்லை என்று சொல்லும் நாள் அப்படித்தான் வருகிறது.

எண்ணிக்கை தப்பினால் குமாஸ்தாவும் கண்டுபிடிப்பார். எந்த மருந்தின் எண்ணிக்கை தப்பக்கூடாது என்பது ஃபார்மசிஸ்ட்டுக்குத்தான் தெரியும். உங்கள் படிப்பு வேலை செய்யும் இடம் அது.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக வாங்கும் செறிவு கிடைக்கவில்லை. விலையையும் பெயரையும் மட்டும் பார்க்கத் தெரிந்தவர், “ஹெப்பாரின்தானே, இதோ வேறு ஒருவரிடம் இருக்கிறது” என்று வாங்கிப் போட்டுவிடுவார். அதே 5 மி.லி. குப்பி, அதே பெயர். ஆனால் பழையதில் மி.லி.க்கு 1,000 யூனிட், புதியதில் 5,000. கைப்பழக்கத்தில் பழைய அளவையே உறிஞ்சும் நர்ஸ், தெரியாமலே ஐந்து மடங்கு கொடுத்துவிடுவார். தவறு வார்டில் நடந்தது என்று அறிக்கையில் எழுதுவார்கள். அது தொடங்கியது கொள்முதல் மேசையில். வார்டில் ஐந்து ஆண்டு இருந்த நீங்கள், அந்தக் குப்பியை வாங்குவதற்கு முன்பே வார்டுக்கு எச்சரிக்கை எழுதுவீர்கள், ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள், இரண்டு செறிவையும் ஒரே தட்டில் வைக்கமாட்டீர்கள்.

அடுத்தது, எதை எவ்வளவு வைத்திருப்பது. பாடப்புத்தகத்தில் இரண்டு வகைப்பாடு இருக்கும். ஏ.பி.சி. என்பது பணத்தின் கணக்கு: மருந்துகளில் சுமார் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் செலவில் எழுபது, எண்பது சதவீதத்தை விழுங்கும். வி.இ.டி. என்பது உயிரின் கணக்கு: இல்லாவிட்டால் ஆள் பிழைக்காத மருந்து எது, சில நாள் சமாளிக்கக்கூடியது எது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது எது. இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில்தான் சுவாரசியம். மயக்கமருந்து கொடுக்கும்போது அபூர்வமாகச் சிலருக்கு உடல் வெப்பம் தாறுமாறாக ஏறும். மலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று பெயர். அதற்கு டான்ட்ரோலீன் வேண்டும். முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மி.கி.; 20 மி.கி. குப்பியாக இருந்தால் 70 கிலோ ஆளுக்கு முதல் டோஸுக்கே 9 குப்பி. 36 குப்பி கையில் இருக்கட்டும் என்று சொல்லும் வழிகாட்டுதல்கூட உண்டு. பெரும்பாலான இடங்களில் அவை பிரிக்கப்படாமலே காலாவதியாகும். ஆண்டு முடிவில் கணக்குப் பிரிவு வந்து, “ஒரு குப்பிகூடப் போகவில்லையே, இதை ஏன் திரும்பத் திரும்ப வாங்குகிறீர்கள்?” என்று கேட்கும். தீயணைப்புக் கருவி இதுவரை பயன்படவில்லை என்று யாரும் அதைக் கழற்றி விற்பதில்லையே. அந்தப் பதிலை எண்களோடு சொல்லத் தெரிந்தவர்தான் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும்.

சரி, சாதாரணமாக ஓடும் மருந்துக்கு? இங்கே கொஞ்சம் கணக்கு. ஒரு ஆன்டிபயாடிக் ஊசி சராசரியாக நாளைக்கு 30 குப்பி போகிறது, ஆர்டர் போட்டால் சராசரியாக 5 நாளில் வருகிறது என்று வையுங்கள். 150 இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றும். போதாது. மோசமான நாளில் 45 போயிருக்கிறது, மோசமான தடவை சரக்கு வர 9 நாள் ஆகியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் 405 வேண்டும். 405-லிருந்து 150-ஐக் கழித்தால் வரும் 255தான் பாதுகாப்பு இருப்பு. 405-ஐத் தொட்டதும் ஆர்டர் போய்விட வேண்டும். எல்லா மருந்துக்கும் இவ்வளவு தாராளமாக இருக்க முடியாது, பணம் முடங்கும், காலாவதி ஏறும். உயிர்காக்கும் மருந்துகளுக்கு இந்தக் கணக்கு, மற்றவற்றுக்குக் கையைச் சுருக்கலாம்.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு, பலர் விழுவார்கள். போன மாதம் பத்து நாள் அந்த மருந்து ஸ்டாக்கே இல்லை. அந்தப் பத்து நாளும் பயன்பாடு பூஜ்யம் என்று பதிவாகியிருக்கும். மாத மொத்தத்தை முப்பதால் வகுத்தால் சராசரி குறைந்து காட்டும், நீங்களும் குறைவாக வாங்குவீர்கள், மறுபடியும் தீரும். ஸ்டாக் இருந்த நாட்களால் மட்டும் வகுக்க வேண்டும். இதற்கு நேர்மாறானதும் நடக்கும்: ஒருமுறை தீர்ந்துபோன மருந்தை வார்டுகள் நம்பாது. அடுத்த தடவை இன்டென்ட்டில், அதாவது ஸ்டோருக்கு அனுப்பும் கோரிக்கைச் சீட்டில், இரண்டு மடங்கு கேட்டு அலமாரிக்குள் பதுக்கும். திரையில் பார்த்தால் தேவை திடீரென்று எகிறியது போல இருக்கும். நோயாளிகள் கூடவில்லை, பயம்தான் கூடியிருக்கிறது. வார்டு அலமாரியை நேரில் போய்த் திறந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியும். அங்கே நர்ஸுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே இருப்பது பெரிய சொத்து.

சரக்கு வந்து இறங்கும் நேரத்தை உதவியாளரிடம் விட்டுவிட்டு மேலே உட்காராதீர்கள், குறைந்தது முதல் ஆறு மாதமாவது. இன்சுலின் பெட்டி வருகிறது. டெலிவரி ஆள் கையெழுத்துக்கு நிற்கிறார். நீங்கள் மூடியைத் திறக்கிறீர்கள். ஐஸ் பேக் நன்றாகக் கல்லுப்போல இருக்கிறது, அடேயப்பா, நன்றாகக் குளிர வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். அட்டையோ தடுப்போ இல்லாமல் இன்சுலின் பெட்டி நேராக அந்த ஐஸ் பேக்கில் ஒட்டியிருக்கிறதா? இன்சுலின் இருக்க வேண்டியது 2-லிருந்து 8 டிகிரி செல்சியஸ். உறைந்துவிட்டால் அது வீண். உருகிய பிறகு கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமலும் போகலாம். வழியெல்லாம் வெப்பநிலையைப் பதிவு செய்துவரும் டேட்டா லாகரைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. சூடாகிவிட்டதா என்று எல்லோரும் பார்ப்பார்கள், உறைந்துவிட்டதா என்று பார்ப்பவர் குறைவு.

கூடவே பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்), காலாவதித் தேதி, பெட்டிக்கு எத்தனை என்பதையும் அங்கேயே பாருங்கள். “10” என்று ஆர்டர் போட்டது பத்துப் பெட்டியா, பத்து ஆம்ப்யூலா என்ற குழப்பம் எல்லா ஊரிலும் உண்டு. பேட்ச் எண்ணைச் சோம்பலில் விட்டால் அதன் விலை ஒருநாள் தெரியும். 2008இல் ஹெப்பாரினில் அதிகமாகச் சல்பேட் ஏற்றப்பட்ட காண்ட்ராய்டின் என்ற வேறு பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. அன்றைக்கு இருந்த வழக்கமான சோதனைகளில் அது பிடிபடவில்லை. திரும்பப் பெறும் அறிவிப்பு வரும்போது, எந்த பேட்ச் எந்த வார்டில் இருக்கிறது என்று சில நிமிடங்களில் சொல்ல முடிகிறவர் ஒரு வகை, மருத்துவமனை முழுக்க ஓடித் தேடுகிறவர் இன்னொரு வகை.

தட்டுப்பாடுதான் இந்த வேலையின் மையம். இரண்டு சப்ளையர் இருக்கிறார்கள், கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். இருவரும் ஒரே தொழிற்சாலையிலிருந்து எடுக்கிறார்களா என்று கேளுங்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரே ஒரு தொழிற்சாலையை மூழ்கடித்தது. இரத்தக் குழாய் வழியே ஏற்றும் ஐ.வி. திரவத்தில், அந்த நாட்டுக்குச் சுமார் 60 சதவீதம் அங்கிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பல மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன. வெறும் உப்புநீர்தான் அது! அப்படி ஒரு நாளில் உங்கள் வேலை, “இல்லை” என்று சொல்வதல்ல. எத்தனை நாளுக்கு இருக்கிறது, யாருக்கு முதலில், வாயால் குடிக்கக்கூடிய நோயாளிக்கு ஊசி வழித் திரவம் வேண்டுமா, மாற்று எது என்று டாக்டர்களோடு உட்கார்ந்து எழுதிவைப்பது. தட்டுப்பாடு வந்த பிறகு அல்ல, வாசம் அடிக்கும்போதே.

போதை வகை மருந்துகளுக்குப் பூட்டு, பதிவேடு, இரட்டைக் கையெழுத்து என்று தனி ஒழுங்கு உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். அதில் மட்டும் “பிறகு எழுதிக்கொள்ளலாம்” கிடையாது.

படிப்பு என்று பார்த்தால், முதலில் ஸ்ப்ரெட்ஷீட். வேடிக்கையாகச் சொல்லவில்லை, ஆயிரக்கணக்கான வரிகளை வடிகட்டி, ஒப்பிட்டு, தவறைத் தோண்டி எடுக்கத் தெரிய வேண்டும். அப்புறம் ஒப்பந்தம் படிப்பது, பேரம் பேசுவது. சரக்கு இருப்புத் திட்டமிடலுக்கான சி.பி.ஐ.எம். (CPIM), சப்ளை செயினுக்கான சி.எஸ்.சி.பி. (CSCP) போன்ற சான்றிதழ்கள் உலகளவில் மதிக்கப்படுகின்றன, ஆனால் அவை பொதுவான சப்ளை செயின் படிப்புகள். இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் ஸ்டோர் தெரியும். முன்னாடியே படித்தால் தேர்வோடு மறந்துபோகும்.

மேலே போக வழி இருக்கிறது. ஸ்டோர் பொறுப்பிலிருந்து ஃபார்மசி மேலாளர், பல மருத்துவமனைகளுக்குச் சேர்த்து வாங்கும் குழுவின் கொள்முதல் தலைவர், அரசுக் கொள்முதல் அமைப்பு, மருந்து விநியோக நிறுவனம், நிவாரண அமைப்புகள். யுனிசெஃப் அமைப்பு கோபன்ஹேகனில் தன் விநியோகப் பிரிவையே தனியாக வைத்திருக்கிறது. ஃபார்மசியும் தெரிந்து சரக்கும் தெரிந்தவர்கள் எங்கேயும் குறைவுதான்.

இழப்பதும் உண்டு. நோயாளியின் முகம் பார்ப்பது குறையும். “நன்றி” என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் வேலை சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது. ராத்திரி போன் வரும். சப்ளையர் இனிப்புப் பெட்டியோடு வருவார், பத்து வாங்கினால் இரண்டு இலவசம் என்பார். அந்தப் பன்னிரண்டுக்கும் எக்ஸ்பைரி எப்போது என்று கேட்டால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

ஒப்புக்கொள்வதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். நீங்கள் யாருக்குக் கீழே வருகிறீர்கள், ஃபார்மசித் தலைவருக்கா, கணக்குப் பிரிவுக்கா? எந்த மருந்தை மருத்துவமனைப் பட்டியலில் வைப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் உங்களுக்கு இடம் உண்டா? தரம் சரியில்லாத சரக்கை யாரையும் கேட்காமல் திருப்பி அனுப்பும் அதிகாரம் உண்டா? கணக்குப் பிரிவு, இடமில்லை, அதிகாரமில்லை என்று மூன்றுக்கும் பதில் வந்தால் உங்கள் பயம் நியாயம்தான், போகாதீர்கள்.

பதில் நன்றாக இருந்தால் இன்னும் ஒன்று செய்யுங்கள். ஒரு மணிநேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய், நீங்களே 20 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு தப்பியிருந்தால் சகஜம். பாதி தப்பியிருந்தால் உங்கள் முதல் ஆறு மாதம் எண்ணுவதிலேயே போகும். சம்பளம் பேசும்போது, எண்ணுவதற்கு இன்னொரு ஆளையும் சேர்த்துக் கேளுங்கள்.