அந்தமான் கடற்கரையில் தாலி கட்டினால் சட்டப்படி செல்லுமா?

கேள்வி: எனக்கும் நான் மணக்கப்போகிறவருக்கும் சொந்த ஊர் கோவை. அவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். பெரிய மண்டபம், ஆயிரம் பேர் என்றெல்லாம் வேண்டாம், நெருங்கியவர்கள் 40 பேர் போதும் என்று முடிவு செய்து, வரும் டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானில், முன்பு ஹேவ்லாக் என்று அழைக்கப்பட்ட ஸ்வராஜ் தீவில், கடற்கரையில் திருமணம் வைத்துக்கொள்ள நினைக்கிறோம். இருவரும் இந்துக்கள், வேறு வேறு சாதி. இரண்டு வீட்டிலும் சம்மதம். புரோகிதர், ஓமம் எதுவும் வேண்டாம், மாலை மாற்றித் தாலி கட்டிக்கொள்வதோடு சரி. திருமணம் முடிந்த கையோடு நான் சிங்கப்பூர் போகச் சான்றிதழ் தேவைப்படுகிறது. "இப்போதே ஏதாவது ஒரு தேதியைப் போட்டுப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன், தீவில் நடப்பது விழாதானே" என்கிறார் திருமண ஏற்பாட்டாளர். ரிசார்ட்டுக்கு 3 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். ஒப்பந்தத்தில் "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது. புயல் வந்தால் என்ன செய்வது? 84 வயதான என் பாட்டி அவ்வளவு தூரம் வர முடியாது என்பது இன்னொரு வருத்தம்.

பதில்: அன்புள்ள சகோதரி, ஏற்பாட்டாளர் சொன்ன அந்தத் தேதி யோசனையை இன்றைக்கே மறுத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால் நடக்காத திருமணத்தை நடந்ததாக எழுதி வாங்கும் சான்றிதழைப் பின்னால் சரிசெய்வது மிகவும் கஷ்டம்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கணவன், மனைவி என்று ஆவணத்தில் இருந்த இருவருமே விமானி பயிற்சி பெற்றவர்கள். ஓர் அமைப்பிடம் திருமணம் நடந்ததாகச் சான்று வாங்கி, அதை வைத்து அரசுப் பதிவும் செய்துவிட்டார்கள். உறவினர் கூடி நடத்த வேண்டிய சடங்குக்கு அடுத்த ஆண்டில் நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் மனக்கசப்பு வந்து, விவாகரத்து, வரதட்சணைப் புகார் என்று வழக்குகள் கிளம்பின. கடைசியில் நீதிமன்றம் இது இந்துத் திருமணமே அல்ல என்று அறிவித்து, அந்தப் பதிவையும் செல்லாததாக்கியது. சடங்கு நடக்காத இடத்தில் பதிவு மட்டும் திருமணத்தை உண்டாக்காது என்பதுதான் தீர்ப்பின் சாரம். வெளிநாட்டு விசாவுக்காக அவசரமாக முதலில் பதிவு செய்துவிட்டு, சடங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் பழக்கத்தையும் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டுக் கண்டித்தார்கள். உங்கள் ஏற்பாட்டாளர் சொல்வது அப்படியே அதுதான்.

என்னிடம் ஒரு தம்பதி வந்தார்கள். சான்றிதழில் ஜூன் மாதம், சென்னையில் ஒரு மண்டபம். அழைப்பிதழிலும் ஆல்பத்திலும் டிசம்பர், கடற்கரை. விசா அதிகாரி இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதில் எது உங்கள் கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அதை என்னிடம் சொல்லும்போதுகூடக் குரல் நடுங்கியது. பொய்த் தேதி கொடுத்துப் பதிவு செய்வது குற்றம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தன் திருமண நாள் எது என்ற கேள்விக்கு ஒரு பெண் தயங்கி நிற்கும் நிலைமை உங்களுக்கு வரவே கூடாது.

சரி, அப்படியானால் திருமணத்தை எங்கே, எப்படி நடத்துவது? நீங்கள் விரும்புகிற எளிய திருமணம் தமிழ்நாட்டில் முழுக்கச் சட்டப்படி செல்லும். இந்துத் திருமணச் சட்டம், 1955-இல் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது கொண்டுவந்து 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த பிரிவு இது. உறவினர், நண்பர் அல்லது வேறு நபர்கள் முன்னிலையில், இவரை என் கணவராக ஏற்கிறேன், இவரை என் மனைவியாக ஏற்கிறேன் என்று இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னாலே போதும். அல்லது மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் திருமணம் முடிந்தது. புரோகிதர் தேவையில்லை. மண்டபமும் தேவையில்லை. ஊரறியச் செய்தால்தான் செல்லும் என்றுகூட இல்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

ஆனால் இது தமிழ்நாட்டின் திருத்தம். அந்தமானுக்கு இதை எடுத்துப்போய் நம்பி நிற்க வேண்டாம். அங்கே பொதுவான 7-ஆம் பிரிவுதான். மணமக்களில் ஒருவருடைய வழக்கத்தில் உள்ள சடங்குகள் நடந்திருக்க வேண்டும் என்கிறது அது. அந்த வழக்கத்தில் சப்தபதி உண்டு என்றால், அக்னி முன் இருவரும் சேர்ந்து ஏழாவது அடி வைக்கும்போதுதான் திருமணம் முழுமையடைகிறது. எங்கள் சமூகத்தில் தாலி கட்டுவதுதான் சடங்கு, சப்தபதி கிடையாது என்று வாதாடலாம்தான். வாதாடலாம், ஆனால் அந்த வழக்கத்தை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று தோன்றும். 2001-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தமிழ்நாட்டு வழக்கில் கேட்டவர் கணவரேதான். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொரு பெண்ணுக்குத் தாலி கட்டியவர் அவர். வழக்கு வந்ததும், இரண்டாவது திருமணத்தில் சப்தபதி நடக்கவில்லை, அதனால் அது திருமணமே இல்லை, நான் குற்றவாளியும் இல்லை என்றார். 7-ஏ பிரிவு இருப்பதால் அந்தத் திருமணத்துக்குச் சப்தபதி தேவையில்லை என்று நீதிமன்றம் அவருடைய வாதத்தைத் தள்ளியது. அந்தப் பிரிவு இல்லாத இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜீவனாம்சம், வாரிசுரிமை, காப்பீடு, ஓய்வூதியம் என்று எங்கே போய் நின்றாலும் 'முறையாகத் திருமணம் நடந்ததா' என்ற கேள்வி முதலில் பெண்ணிடம்தான் வருகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆகவே என் யோசனை இது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து, கோவையில் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே திருமணத்தை நடத்திவிடுங்கள். பதினைந்து இருபது பேர் போதும். இருவரும் வாய்விட்டு உறுதிமொழி சொல்லுங்கள், மாலை மாற்றுங்கள், தாலி கட்டுங்கள். மூன்றையும் செய்தால் யாரும் எந்த ஓட்டையும் கண்டுபிடிக்க முடியாது. வீடியோ எடுங்கள், கூடத்தில் இருப்பவர்களின் முகம் அதில் தெரியட்டும். அந்தத் தேதியும் அந்த முகவரியும் போட்டுச் சிறிய அழைப்பிதழ் ஒன்று அச்சடியுங்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பயன்படும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை, அதே வாரத்தில் செய்யுங்கள். சிங்கப்பூருக்குத் தேவையான சான்றிதழ் ஒரு பொய்யும் இல்லாமல் டிசம்பருக்கு முன்பே உங்கள் கையில் இருக்கும். பாட்டியும் முன் வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்ப்பார். அவருக்கு முடியுமானால் சாட்சிக் கையெழுத்தும் அவரையே போடச் சொல்லுங்கள். வயது அதற்குத் தடையில்லை.

அப்புறம் டிசம்பரில் தீவுக்குப் போய் மணலில் நின்று மறுபடி மாலை மாற்றிக்கொள்வதைச் சட்டம் தடுக்காது. அது உங்கள் கொண்டாட்டம். ஒன்றே ஒன்று, அந்தத் தேதியை வைத்து இன்னொரு பதிவோ இன்னொரு சான்றோ வாங்காதீர்கள். பாஸ்போர்ட், வங்கி, அவருடைய அலுவலகம் எங்கே கேட்டாலும் உங்கள் திருமண நாள் ஆவணி நாள்தான். இதை அம்மாவிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. 'வீட்டில் நடந்தது சும்மா, உண்மையான கல்யாணம் தீவில்தான்' என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினால் அது நாளைக்குச் சாட்சிக் கூண்டு வரை வரும்.

இதே நிலையில் உள்ள, இருவரும் வேறு வேறு மதமாக இருக்கும் தம்பதியருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் சிறப்புத் திருமணச் சட்டம், 1954. இருவரில் ஒருவராவது 30 நாட்கள் தொடர்ந்து வசித்த மாவட்டத்தில்தான் அறிவிப்பு கொடுக்க முடியும். அதற்குப் பிறகு 30 நாள் ஆட்சேபணைக் காலம். மூன்று நாள் தங்கிவிட்டு வரும் தீவில் இது நடக்காது. நீங்களும் சொந்த ஊரில் முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

இனி பணம். "எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அப்படியே கையெழுத்துப் போடவும் வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டால் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்கிறது. எழுதிவைத்த தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க முடியாது. நிகழ்ச்சி நடத்தவே முடியாத நிலை வந்தால் 56-ஆம் பிரிவு ஒப்பந்தத்தை முடித்துவைக்கிறது, வாங்கிய பலனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது 65-ஆம் பிரிவு. ஆனால் இவையெல்லாம் வழக்குப் போட்டு வாங்க வேண்டிய உரிமைகள். அதற்கு முன்பே ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்த்துவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்காது.

புயல் என்பது நீங்கள் தேர்ந்தெடுத்த வாரத்தில் வெறும் பேச்சு இல்லை. 2016 டிசம்பர் முதல் வாரத்தில், பிறகு வர்தா புயலாகிச் சென்னையைத் தாக்கிய அதே காற்றழுத்தம் அந்தமானில் மையம் கொண்டிருந்தபோது, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிசார்ட் திறந்திருக்கும், பந்தல் போட்டிருக்கும், சமையல்காரர் இருப்பார். படகு மட்டும் ஓடாது. உங்கள் 40 பேரும் அந்தமான் தலைநகரான போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) நின்றுகொண்டிருப்பார்கள். "எங்கள் பக்கம் எல்லாம் தயார், நீங்கள்தான் வரவில்லை" என்று ரிசார்ட் சொல்லும். அதனால் 'இயற்கைச் சீற்றம்' என்ற பொதுவான சொல் போதாது. வானிலை எச்சரிக்கையால் விமானமோ தீவுக்கான படகுப் போக்குவரத்தோ நிறுத்தப்பட்டால், கட்டணமில்லாமல் தேதி மாற்றலாம் அல்லது முன்பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வரும் என்று எழுதச் சொல்லுங்கள். 3 லட்சத்தையும் ஒரே தவணையில் கொடுக்காதீர்கள். பணத்தை ஏற்பாட்டாளரின் சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் அனுப்பவும் வேண்டாம். ரிசார்ட்டின் நிறுவனக் கணக்குக்கு அனுப்பி, ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். பிரச்சினை வந்தால் ஏற்பாட்டாளர் ரிசார்ட்டைக் கைகாட்டுவார், ரிசார்ட் ஏற்பாட்டாளரைக் கைகாட்டும். யார் பெயரில் ரசீது இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டியவர்.

அதையும் மீறித் தகராறு வந்தால், நீங்கள் போர்ட் பிளேருக்கு அலைய வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, புகார் கொடுப்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை எதிர்த்து வழக்காடவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அதற்கு மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்.

கடற்கரை விஷயம் கடைசியாக. ரிசார்ட்டின் வேலிக்கு வெளியே இருக்கும் மணல் ரிசார்ட்டுடையது அல்ல. பந்தல், ஒலிபெருக்கி, விளக்கு எதுவானாலும் அனுமதி வாங்குவது யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும், வாங்கிய அனுமதியின் நகலையும் கேளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்' என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு நின்றுவிட வேண்டும். நாடு முழுவதற்கும் பொதுவான விதி அது. முப்படைகளும் இருக்கிற தீவுகள் என்பதால் எழுத்தில் அனுமதி இல்லாமல் டிரோன் படப்பிடிப்பு வேண்டவே வேண்டாம். வருகிற உறவினர்களிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், பவளத் துண்டையோ சங்கையோ நினைவுக்காகப் பையில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளப்பாறையும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம்.

இன்னொன்று, நிகழ்ச்சிக்கு முதல் நாள் தீவில் இறங்குவதுபோல் டிக்கெட் போடாதீர்கள். குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். திருத்திய ஒப்பந்தம் வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன், இணைப்புப் பக்கங்களையும் சேர்த்து உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். ரத்து செய்வது பற்றிய நிபந்தனைகள் பெரும்பாலும் அந்த இணைப்பில்தான் பொடி எழுத்தில் இருக்கும்.