‘இன்ஷா அல்லா’ என்றால் தட்டிக்கழிப்பதா?

கேள்வி: சென்னையிலிருந்து மொராக்கோ வந்து ஒரு வருடம் ஆகிறது. டாஞ்சியரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் லைனில் 24 வயதுப் பையன் ஒருவன். சம்பளத்தில் பாதிக்கு மேல் அட்லஸ் மலைப்பக்கம் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிவிடுகிறான். தங்கை படிப்பும் அவன் செலவுதான். ஆனால் வேலையில் தப்பு நடந்தால் வாயே திறப்பதில்லை. எப்போது முடியும் என்று கேட்டால் ‘இன்ஷா அல்லா’. போன வாரம் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டேன், மறுநாள் லீவு போட்டுவிட்டான். இவன் பொறுப்பானவனா, இல்லையா?

பதில்: ‘எல்லார் முன்னாலும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் இடித்தது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

மொராக்கோவின் பழைய நகரங்களில் பேட்டைக்கு ஒரு பொது அடுப்பு உண்டு, ஃபர்ரான் என்பார்கள். அம்மா மாவு பிசைந்து, பலகையில் வைத்துத் துணி போட்டு மூடி, பிள்ளை கையில் கொடுத்தனுப்புவார். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை எந்த வீடு என்று தெருவுக்கே தெரியும். வழியில் விளையாடப் போய் ரொட்டியைக் கீழே போட்டால், பிள்ளைக்கு முன்னால் சேதி வீடு போய்ச் சேர்ந்துவிடும். வீட்டிலேயே அடுப்பு வந்தபின் இந்த வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் அந்த வளர்ப்பு போகவில்லை. பொறுப்பு என்றால் அங்கே ஒரு முகத்துக்குப் பதில் சொல்வது. நீங்கள் எதிர்பார்ப்பதோ ரிஜிஸ்டருக்குப் பதில் சொல்வதை.

அந்த முகங்களில் முதல் முகம் அம்மாவுடையது. பெற்றோரின் மனநிறைவை ‘ரிதா’ என்பார்கள். அது கிடைத்த பிள்ளை ‘மர்தி’, கிடைக்காமல் சாபம் வாங்கியவன் ‘மஸ்கூத்’. பின்னது சாதாரண வசவு இல்லை, ஆளையே உலுக்கிவிடும். சட்டமும் இதே பக்கம்தான். வசதியில்லாத பெற்றோரைக் காப்பது பிள்ளைகள் கடமை என்று 2004 குடும்பச் சட்டம் சொல்கிறது. பிள்ளைகள் பலர் இருந்தால் அவரவர் வசதிக்கேற்பப் பங்கு.

இதையெல்லாம் பண்பாடு என்று புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. வேலை தேடும் 15 முதல் 24 வயதுக்காரர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வேலை கிடைக்காத நாடு அது. வேலை கிடைத்த ஒருவன் தலையில் வீடு மொத்தமும் ஏறிவிடுகிறது. ரிதா போய்விடுமோ என்ற பயத்தில் ‘என்னால் முடியாது’ என்று சொல்லவே வராமல் போனவர்களும் உண்டு. உங்களிடம் அவன் சொல்லும் ‘இன்ஷா அல்லா’ அந்த ரகமாக இருக்கலாம். பெரியவர் முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சம், அவ்வளவுதான். நாம் ‘பார்க்கலாம் சார்’ என்பதில்லையா?

சரி, ‘எல்லார் முன்னாலும்’ விஷயம். அங்கே பிள்ளைகள் ஓயாமல் கேட்டு வளரும் சொல் ‘ஹ்ஷூமா’. வெட்கக்கேடு என்று சொல்லலாம், ஆனால் பிறர் பார்க்க நேர்கிற வெட்கம். தனியே கேட்டால் அது அவன் தப்பு. பத்துப் பேர் நடுவில் கேட்டால் அவன் அம்மாவின் வளர்ப்பையே கேட்பதாகிவிடும். ‘கலீல் த்ராபி’, அதாவது வளர்ப்பு சரியில்லாதவன், என்பது அங்கே கடுமையான வசவு. நீங்கள் அதைச் சொல்லவில்லை. அவன் காதில் அதுதான் விழுந்திருக்கும்.

இதற்காக இந்தத் தலைமுறைக்குக் கணக்குக் கேட்கவே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2023 செப்டம்பரில் அட்லஸ் மலையில் பூகம்பம் வந்து ஏறக்குறைய 3,000 பேர் இறந்தபோது, நகரத்து இளைஞர்கள் யாரும் சொல்லாமலே வண்டிகளில் போர்வையும் மாவும் ஏற்றிக்கொண்டு மலையேறினார்கள். 2025 இல் ‘ஜென் ஸீ 212’ என்ற பெயரில் தெருவுக்கு வந்து, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் ஏன் இப்படி இருக்கின்றன என்று அரசைக் கேட்டவர்களும் இதே வயதுக்காரர்கள்தான். 212 அந்த நாட்டின் தொலைபேசிக் குறியீட்டு எண், நமக்கு 91 மாதிரி.

நீங்கள் என்ன செய்யலாம்? ‘அமானா’ என்ற சொல்லைப் பயன்படுத்திப் பாருங்கள். நம் ஊர் இஸ்லாமியர்கள் ‘அமானிதம்’ என்று சொல்வதும் அதையேதான்: நம்பி ஒப்படைத்தது. ‘இந்த மெஷின் செட்டிங் உன் அமானா’ என்று அவனிடம் ஒப்படையுங்கள். தப்பு நடந்தால் தனியே கூப்பிட்டு, முதலில் நீங்கள் செய்த தப்பு ஒன்றைச் சொல்லுங்கள். ‘எப்போது முடியும்?’ என்பதற்குப் பதிலாக ‘எது தடுக்கிறது?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ‘இன்ஷா அல்லா’ பதிலாகாது. இத்தனைக்கும் பிறகும் மறைத்தால் கண்டியுங்கள், தப்பில்லை. தனியறையில் கண்டியுங்கள்.

அவன் லீவு முடிந்து வந்ததும் முதல் வேலையாக ‘லாபாஸ்?’ என்று நலம் விசாரியுங்கள். அம்மா எப்படி இருக்கிறார், தங்கை படிப்பு எப்படிப் போகிறது என்று கேளுங்கள். அதை விட்டுவிட்டு நேரே மெஷினைப் பற்றிப் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. அன்றைக்கே மன்னிப்பும் கேட்டுவிட முடிந்தால் நல்லது.