சிக்னலில் நிற்கும்போது ஏசியைப் போட்டால் ஆர்பிஎம் முள் ஏறுவது ஏன்?

நியூட்ரலில் 750 அளவில் (நிமிடத்துக்கு என்ஜின் சுழலும் தடவைகள்) நிற்கும் முள், ஏசியைப் போட்டதும் 850க்கோ 900க்கோ ஏறுவது கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்ரோல் கார்களில் இது பெரும்பாலும் வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு.

ஏசி கம்ப்ரசர், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து வரும் பெல்ட்டால் சுழல்கிறது. ஏசியைப் போட்டதும் பானட்டுக்குள் 'டக்' என்று கேட்கும் ஓசை, அதன் காந்த கிளட்ச் கப்பியோடு ஒட்டிக்கொள்ளும் ஓசையாகும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காத நிலையில், என்ஜின் தன்னைச் சுழற்றிக்கொள்ளும் அளவுக்கே திறனை உண்டாக்குவதால், திடீரென ஏறும் இந்தச் சுமை அதை அணைத்துவிடவும் கூடும். ஆகவே என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ, கிளட்சை இணைக்கும் தறுவாயிலேயே, காற்று உள்ளே போகும் வழியிலுள்ள த்ராட்டில் என்ற கதவைச் சற்றுத் திறந்து காற்றையும் எரிபொருளையும் கூட்டிவிடுகிறது. கார்புரேட்டர் காலத்தில் இதே வேலையை என்ஜினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்கிய ஒரு சிறு டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) செய்தது.

கம்ப்ரசர் விட்டுவிட்டு இயங்கும் கார்களில் முள் சிறிது ஏறி இறங்குவதும் இயல்பே. ஆனால் முள் 600க்குக் கீழே சரிந்து ஸ்டியரிங் அதிர்ந்தால், ஏசி கேஸ் நிரப்பச் சொல்பவரிடம் போகுமுன் த்ராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்து பாருங்கள்; என் அனுபவத்தில் பாதிக் குறை அதிலேயே தீர்ந்துவிடும். என்ஜின் சுழலும் வேகம் சரியாக இருந்தும் அதிர்வு நீடித்தால், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர்களைப் பார்க்க வேண்டும்.