எந்த வடிவில், எவ்வளவு காலத்தில்? – தனிமச் சுழற்சி கேள்வி-பதில்

கேள்வி: காற்றில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன் இருந்தும் செடிகளுக்கு ஏன் பற்றாக்குறை?

பதில்: காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பை, அதாவது இரு அணுக்களையும் இறுக்கிப் பிடித்திருக்கும் மூன்று பிணைப்புகளை, செடியால் உடைக்க முடியாது; அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ மாறி வந்தால்தான் வேர் உறிஞ்சும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு முன் எந்த வடிவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: பயறுச் செடியின் வேர்முடிச்சுகள் வேலை செய்கின்றனவா என்று எப்படி அறிவது? படம் அனுப்பியுள்ளேன்.

பதில்: செடியின் வயதை எழுதவில்லை, முடிச்சை நறுக்கியும் பார்க்கவில்லை, வெளித்தோற்றத்தை வைத்து நான் என்ன சொல்வது? பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, நீரில் அலசி, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது லெக்ஹீமோகுளோபின் என்ற, ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் புரதத்தின் நிறம். முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற வடிவில் நிலைப்படுத்திக்கொண்டிருக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. காய் முற்றும்போது பச்சையாவது இயல்பு.

கேள்வி: பாஸ்பரஸும் சுழற்சியில்தானே இருக்கிறது? பிறகு ஏன் தட்டுப்பாடு வரும் என்கிறார்கள்?

பதில்: இந்தக் குழப்பத்துக்குப் பாடநூல் படங்கள்தான் காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். உதிர்ந்த இலையிலிருந்து மண்ணுக்குச் செல்லும் அம்புக்குறியும், கடலடிப் படிவிலிருந்து மலைக்குச் செல்லும் அம்புக்குறியும் அவற்றில் ஒரே பருமனில் இருக்கும். முன்னதற்குச் சில மாதங்கள் போதும், பின்னதற்கோ பல கோடி ஆண்டுகள் வேண்டும் என்பதை எந்தப் படமும் காட்டுவதில்லை. பாஸ்பரஸுக்குக் குறிப்பிடத்தக்க வாயு வடிவம் கிடையாது என்பதால், கடலுக்குள் போனது நைட்ரஜனைப் போலக் காற்றுவழி திரும்புவதில்லை. பாறை கரைந்து வருவதும், வயலில் இட்டதில் பெரும்பகுதி அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், கார மண்ணில் கால்சியத்தோடும் பிணைந்துகொள்வதும்தான் அதன் நடைமுறை. கடற்பறவைகளின் எச்சமும் பாலைவனத் தூசியும் சிறிதளவு மீட்டுத் தருகின்றன. சகாராவிலிருந்து கிளம்பும் தூசி ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸை அமேசான் படுகையில் சேர்ப்பதாகவும், அங்கே மழையும் வெள்ளமும் அடித்துச் செல்வது ஏறத்தாழ அதே அளவு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். உரத்துக்காக வெட்டியெடுக்கும் பாஸ்பேட் பாறைக்கு ஈடாகப் புதுப்பாறை நம் காலத்தில் உருவாகாது. ஆகவே, சுழற்சி என்ற சொல்லைக் கண்டால் எவ்வளவு காலம் என்று உடனே கேளுங்கள்.

கேள்வி: மரத்தூளை மண்ணில் கலந்தேன்; இலைகள் மஞ்சளாகிவிட்டன. மட்கினால் சத்து கூடத்தானே வேண்டும்?

பதில்: மரத்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்குச் சில நூறு பங்கு கார்பன் இருக்கிறது, அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கோ சுமார் 25 பங்கு கார்பனுக்கு ஒரு பங்கு நைட்ரஜன் வேண்டும். குறையை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன, செடி பட்டினி கிடக்கிறது. நைட்ரஜன் தொலைந்துவிடவில்லை, நுண்ணுயிர்களின் உடலுக்குள், செடிக்கு எட்டாத வடிவில் இருக்கிறது. அவை மடிந்தபின் திரும்பும். இனி நன்கு மட்கியதையே கலக்கவும். மட்காததை மேற்பரப்பில் மூடாக்காக மட்டும் போடவும்.

கேள்வி: மரத்தின் எடை முழுவதும் மண்ணிலிருந்தா வருகிறது?

பதில்: இல்லை. 17ஆம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்ட் 5 ஆண்டுகள் தொட்டியில் வளர்த்த வில்லோ மரம் ஏறத்தாழ 75 கிலோ கூடியபோது மண் இழந்தது சுமார் 60 கிராம்தான். எடை நீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தது பாதிதான் சரி. உலர்எடையில் கிட்டத்தட்டப் பாதியான கார்பன் காற்றிலிருந்து வந்தது.